சிலாவத்துறை என்னும் பெயர்

ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தின் அளவு மாறினும் பொருள் மாறிவிடும். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் வட அமெரிக்கக் கரையை அடைந்த நோர்ஸ் மாலுமிகள் அந்நிலத்தை 'வீன்லாந்து' என்றனர். முதலெழுத்தை நெடிலாகக் கொண்டால் அது முந்திரிகை மதுவின் நாடு. குறிலாகக் கொண்டால் புல்வெளி நாடு. முந்திரிகைக்கொடியா, புல்லா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. குறில் நெடில் அறிந்த தமிழருக்கு இது வியப்பன்று.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையிலுள்ள சிலாவத்துறையின் பெயரிலும் இத்தகைய ஐயம் எழக்கூடும். கல்லைக் குறிக்கும் 'சிலா' என்னும் வடசொல்லை நினைப்பது எளிது. ஆனால் அவ்வூரின் தொழிலை நோக்குவோர் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. சலாபம், சிலாபம் என்பன முத்துக்குளிப்பைக் குறிக்கும் பழஞ்சொற்கள். கோபம் 'கோவம்' ஆவதுபோல, உயிர்களின் நடுவே நின்ற பகரம் பேச்சில் வகரமாயிற்று. சிலாபத்துறையே சிலாவத்துறை, முத்துக்குளிக்கும் துறை என்பது பொருள். தெற்கேயுள்ள சிலாபம் நகரின் பெயரும் இச்சொல்லே.

இக்கரைக்கு எதிரே கடலடியில் முத்துச் சிப்பிகள் செறிந்த 'பார்'கள் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளிகள் வந்தனர். கல்லில் கால் வைத்து, மூச்சையடக்கி ஆழத்தில் இறங்குவர். சுறாவை வாய்க்கட்டு மந்திரத்தால் தடுப்பதாகச் சொல்லும் கடல்கட்டி இன்றி அவர்கள் படகேற மாட்டார்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளியாளியின் அச்சத்தைக் கட்டியது. அயலூரான அரிப்பில் ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு அக்காலச் செல்வத்துக்குச் சான்று. 1905இல் மறிச்சுக்கட்டியை மையமாகக் கொண்டு நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாயின. சில ஆண்டுகளில் சிப்பி அற்றுப்போயிற்று. 1925இல் மீண்டும் குளித்தும் பழைய வளம் திரும்பவில்லை.

தொழில் போன பின்னும் பெயர் நின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முசலிப் பகுதி மக்களும் இக்கரையை விட்டு நீங்கினர். பலர் புத்தளப் பகுதியில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது பெரியோர் வாயிலாகக் கேட்ட ஒரு பெயரே. 2009இல் போர் முடிந்த பின் பலர் திரும்பி வந்து, அப்பெயருக்குரிய கடலைக் கண்டனர்.