ஒரு குழாய் இரத்தத்தில் புற்றுநோய் தெரியுமா?



இரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ.வைச் சோதித்துப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாமாமே, அதற்கு எவ்வளவு அனுப்பவேண்டும் என்று ஆதரவாளர் சிலர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். பணம் பெறுமுன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட விரும்புகிறோம்.

டி.என்.ஏ. என்பது பெட்டியில் பூட்டிவைத்த மூலப்பத்திரம் போன்றது. அன்றாட வேலைக்கு எடுக்கப்படும் நகலே ஆர்.என்.ஏ. அந்த நகல்களில் சிலவற்றைச் செயல்படாமல் நிறுத்திவைக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. வகையும் உண்டு. சுமார் 22 எழுத்துக்களே நீளமுள்ள இதை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பார்கள். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்து விளக்கிய விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் என்சைம்கள் இரத்தத்தில் ஏராளம். அப்படியிருந்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பிளாஸ்மாவில் அழியாமல் இருப்பதை 2008-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. புரதங்களோடு ஒட்டிக்கொண்டும், கொழுப்பு உறைக்குள் அடங்கியும் அது தப்பிவிடுகிறது. கல்லீரலில் மிகுதியாயுள்ள 122 என்னும் எண்ணுடைய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி விழுங்கியவர்களில், கல்லீரல் கெடுவதை வழக்கமான பரிசோதனை காட்டுமுன்பே இது இரத்தத்தில் உயர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

புற்றுநோயில் காரியம் இவ்வளவு எளிதல்ல. சிவப்பணுக்களுக்குள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய இருக்கிறது. இரத்தம் எடுக்கையில் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து அளவு ஏறிவிடும். வியாதியில்லாதவரும் வியாதியஸ்தராகத் தோன்றுவார்! புற்றுநோயின் அடையாளமென்று எழுதப்பட்டவற்றில் பல, சாதாரண இரத்த அணுக்களிலேயே மிகுதியாயுள்ளவை என்று 2012-ல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. வீணாக ஒருவரைத் திகிலடையச் செய்யும் பரிசோதனைக்கு உங்கள் பணத்தைக் கேட்க எங்களுக்கு மனமில்லை.

ஆனால் இன்றே பயன்படும் ஆர்.என்.ஏ. பரிசோதனை ஒன்றுண்டு. ஹெப்படைடிஸ் சி கிருமி வந்து, தானாகவே நீங்கிப்போனவரின் இரத்தத்திலும் அதன் எதிர்ப்பொருள் தங்கிவிடும். கிருமி இப்போதும் இருக்கிறதா என்பதை அக்கிருமியின் ஆர்.என்.ஏ.வே சொல்லும். இருந்தால், பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் 100-க்கு 95 பேர் சுகமாகிறார்கள். தெரியாமலே விட்டால் சிலருக்கு அது கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் முடிக்கும்.

ஆகவே, அனுப்ப நினைப்பவர்கள் “ஹெப்படைடிஸ் சி பரிசோதனைக்கு, கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்காக” என்று குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.