கண்மாய்க்கு ஏற்ற படகு எது?

“ஆழம் அறியாமல் காலை விடாதே” என்பது நம் முன்னோர் மொழி. படகு வாங்கும் விஷயத்திலும் இதுவே முதல் விதி. கண்மாய் மீன் குத்தகையில் பங்கு கொள்ளும் அங்கத்தினர்கள், பொதுப் பணத்தில் ஒரு படகு வாங்குமுன் ஆராய வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் நம் நீர்நிலைகளின் இயல்பை அறிவோம். காரியாபட்டி வட்டாரத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை பொய்யாத ஆண்டிலும் அவற்றில் நீர் நிற்பது சில மாதங்களே. குண்டாறோ மழைக்காலத்தில் பெருகிப் பின் மணலாய்க் கிடப்பது. கண்மாயில் பெரும்பகுதி இடுப்பளவு நீரே இருக்கலாம்; ஆனால் மண் அள்ளிய பள்ளம் குறுக்கிட்டால் ஆளே மூழ்கும். அடியில் சீமைக் கருவேல முள்ளும் கட்டையும் உண்டு. லாரி டியூப்பின்மேல் அமர்ந்து வலை விரிப்போர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பதில்லை. டியூப்பில் முள் தைத்து, காலில் நைலான் வலையும் சிக்கிவிட்டால், நீந்தத் தெரிந்தவரும் கரையேறுவது அரிது. சிக்கனம் என்று கருதியது உயிருக்கு உலையாகிவிடும்.

நமக்கு ஏற்றவை இரண்டு வகை. ஒன்று பரிசல். மேட்டூர், பவானிசாகர் நீர்த்தேக்கங்களில் மீனவர் கையாளுவது இதுவே. மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, முற்காலத்தில் தோல் போர்த்தினர். இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். ஒருவரே தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். முழங்காலளவு நீரிலும் மிதக்கும். ஆனால் காற்றடித்தால் ஒதுங்கும். கைப்பழக்கம் இல்லாதவரிடம் சுழலும். முள்ளில் உராய்ந்தால் போர்வை கிழியும். இக்குறையைக் குறைக்கக் கண்ணாடியிழைப் பரிசல்கள் வந்துள்ளன. 1957இல் நிறுவப்பட்டு, கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இவ்வகையை உருவாக்கியுள்ளது. விலை கூடுதலே, எனினும் தார்ப்பூச்சுச் செலவு இல்லை.

மற்றொன்று தட்டையடிப் படகு. இது நேராகச் செல்லும். நின்று வலை இழுத்தாலும் எளிதில் சாயாது. பெரிய கண்மாய்க்கும் மெதுவாக ஓடும் ஆற்றுக்கும் உகந்தது. ஆனால் தூக்கிச் செல்ல நாலைந்து பேர் வேண்டும். கடலுக்கென்று கட்டிய பழைய படகு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது தவறு. அதன் எடையும் கூரிய அடிப்பாகமும் ஆழமற்ற நீருக்கு ஒவ்வா.

படகு தாங்கும் பாரத்தை நாமே கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி வடிவப் படகு 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 300 லிட்டர் நீரை விலக்கும். அதாவது 300 கிலோ தாங்கும். படகின் எடை 100, இருவர் எடை 130, ஈர வலையும் மீனும் 70 என்றால் கணக்குச் சரியாகும். பக்கப் பலகை 40 சென்டிமீட்டர் உயரமானால், நீருக்கு மேல் 30 சென்டிமீட்டர் நிற்கும். முனைகள் வளைந்த படகும் அடி வளைந்த பரிசலும் இதனினும் குறைவாகவே தாங்கும் என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே, கண்மாய்க்குக் கண்மாய் மாற்றிச் செல்லும் சங்கத்துக்குப் பரிசலும், நீர் நெடுநாள் நிற்கும் ஒரே பெரிய கண்மாயை எடுத்த சங்கத்துக்குத் தட்டையடிப் படகும் ஏற்றவை. எதை வாங்கினும் ஆளுக்கொரு மிதவைச் சட்டையின் விலையையும் சேர்த்தே தீர்மானம் எழுதுக. வாங்குவதற்கு முன், ஒரு கழியைக் கொண்டு கண்மாயை நாலு இடங்களில் அளந்து பார்ப்பீர்களாக. மீன் அடுத்த ஆண்டும் வரும். போன உயிர் வாராது.