வால்துடுப்பின் நிழலில்: நின்றுபோன அமெரிக்கக் கார்களும் நினைவின் அரசியலும்

1

2020 பிப்ரவரி 27 அன்று டெட்ராய்ட்-ஹாம்ட்ராமக் ஆலையிலிருந்து கடைசி செவர்லே இம்பாலா வெளியே வந்தது. 1958இல் அறிமுகமாகி, நடுவில் சில வருடங்கள் நின்றும் மறுபடி தொடர்ந்தும் வந்த பெயர் அது. 1965இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இம்பாலா தனியாகப் போகவில்லை. பிளிமத் 2001இல், ஓல்ட்ஸ்மொபைல் 2004இல், பான்டியாக் 2010இல், மெர்க்குரி 2011இல் என்று வரிசையாகப் பெயரோடு ஒழிந்தன. மஸ்டாங்கைத் தவிர வட அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாக் கார்களையும் கைவிடப்போவதாக 2018 ஏப்ரலில் ஃபோர்டு அறிவித்தது. 2023 டிசம்பரில் டாட்ஜ் சேலஞ்சர் நின்றது. 2024 நவம்பரில் செவர்லே மாலிபு.

செடான் என்றால் நான்கு கதவும் தனி டிக்கியும் வைத்த குடும்பக் கார். கூபே என்றால் இரண்டே கதவு, கொஞ்சம் மிடுக்கு. அமெரிக்கத் தெருவில் ஐம்பது அறுபது வருடம் இந்த இரண்டும்தான் 'கார்' என்ற சொல்லுக்கே அர்த்தம். இன்று அந்த இடத்தில் எஸ்.யூ.வி.களும் பிக்கப் டிரக்குகளும் நிற்கின்றன. போனவற்றுக்காக ஒரு பெரிய ஏக்கம் கிளம்பியிருக்கிறது. 1995இல் தொடங்கிய 'உட்வர்ட் டிரீம் க்ரூஸ்' என்ற ஊர்வலத்துக்கு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. துடைத்துப் பளபளவென்று நிறுத்தி, 'அந்தக் காலத்து வண்டி வண்டிதான்யா' என்கிற தொனியில் பேசிக்கொள்கிறார்கள்.

கார்ப் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு சமூகம் எதற்காக ஏங்குகிறது என்பதில் அதன் அரசியல் முழுக்கக் கிடக்கிறது. இந்த ஏக்கம் எதை நினைக்கிறது? எதை மறக்கிறது? இழப்புக்குக் காரணமாக யாரைக் கைகாட்டுகிறது? இந்த மூன்று கேள்விகளோடு அதை வாசித்துப் பார்ப்போம்.

2

'நாஸ்டால்ஜியா' என்ற சொல் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688இல் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், 'வீடு திரும்பல்', 'வலி' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதை உருவாக்கினார். ஊரைப் பிரிந்தவனுக்கு வரும் நோய். ஊருக்கு அனுப்பினால் தீரும். கார் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், திரும்பிப் போவதற்கு ஊர் கிடையாது. இருப்பது ஒரு சரக்கு. அதுவும் பழசாவதற்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்ட சரக்கு.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி, 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதை வீழ்த்துவதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் கண்ட வழி எளிமையானது: வருடா வருடம் வண்டியின் முகத்தை மாற்று. 1927இல் ஹார்லி எர்ல் தலைமையில் அதற்கென்றே ஒரு வடிவமைப்புப் பிரிவு வந்தது. எஞ்சினும் சேசிஸும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலே போர்த்திய தகரம் மாறும். போன வருடம் வாங்கியவன் இந்த வருடம் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்துக் கூச வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

1948 கேடிலாக்கின் பின்பக்கம் முளைத்த வால்துடுப்பு, லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து வரைந்தது. 1959இல் அது உச்சிக்குப் போய், பிறகு சில வருடங்களில் மறைந்தது. அந்தத் துடுப்பு வேகத்தைத் தருவதில்லை, வேகத்தின் குறியாக மட்டும் நிற்கிறது என்பதைப் போத்ரியார் 1968இல் வெளிவந்த 'பொருட்களின் அமைப்பு' நூலில் விளக்கினார். துடுப்பும் குரோமியமும் மின்னிக்கொண்டிருந்த அதே காலத்தில், மோதலில் ஸ்டியரிங் தண்டு ஓட்டுபவரின் மார்பில் பாய்ந்தது. ரால்ஃப் நேடர் 1965இல் புத்தகம் எழுதிச் சண்டை போட்ட பிறகுதான், 1968 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயமானது.

ஆக, சேகரிப்பவர் இன்று ஆசையோடு தடவும் வளைவுகள், அடுத்த வருடமே அலுத்துப்போவதற்காக வரையப்பட்டவை. அலுப்பு முதலில் விற்கப்பட்டது. ஏக்கம் பிறகு விற்கப்பட்டது. 1974இல் நின்றுபோன சேலஞ்சரை, அதன் 1970 முகச்சாயலோடு கிறைஸ்லர் 2008இல் மறுபடி இறக்கியது. வாங்கியவர்கள் காசு கொடுத்தது தங்கள் இளமைக்கு.

பழைய கார் சந்தையில் இன்னொரு சங்கதி உண்டு. எஞ்சின், கியர் பெட்டி, உடற்கூடு ஆகியவற்றில் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் விலை ஏறும். எஞ்சினை மாற்றியிருந்தால் இறங்கும். தூய்மை, மூலம், கலப்பின்மை, வம்சாவளி... இந்தச் சொற்களை வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

3

அந்த எண்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: வண்டியைச் செய்த கைகள். 1970 சேலஞ்சர் உருவான முக்கியமான ஆலை, ஹாம்ட்ராமக்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்'. வரிசை ஓடும் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து 1968 மே மாதம் அங்கே தொழிலாளர்கள் சங்கத் தலைமையைக் கேட்காமலே வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகத்தின் தண்டனை கறுப்புத் தொழிலாளர்கள்மேல் அதிகமாக விழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்'. மோசமான, ஆபத்தான வேலைகள் கறுப்பர்களுக்கு, மேற்பார்வை வெள்ளையர்களுக்கு, சங்கத் தலைமையும் வெள்ளையர்கள் கையில். முதலாளி 'தானியங்கி முன்னேற்றம்' என்று பெருமைப்பட்டதை, கறுப்பு உடம்பை இன்னும் வேகமாகப் பிழிவது என்று அவர்கள் பெயர் மாற்றிச் சொன்னார்கள். பாரிஸின் மே 1968 நம் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ பேசப்பட்டாயிற்று. டெட்ராய்ட்டின் மே 1968 அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

சாலையின் கதையும் இதுதான். 'திறந்த சாலை, சுதந்திரம்' என்கிற அமெரிக்கத் தொன்மம் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. கறுப்பர்கள் குடும்பத்தோடு காரில் கிளம்பினால் எந்த ஊரில் சாப்பாடு தருவார்கள், எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று சொல்ல ஒரு கையேடு வேண்டியிருந்தது. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' அதுதான். 1960களின் நடுப்பகுதி வரை அது வந்துகொண்டிருந்தது. டெட்ராய்ட்டில் கறுப்பர்களின் கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்துத்தான் விரைவுச்சாலை போட்டார்கள். அதற்கு வைத்த பெயர் கிறைஸ்லர் ஃப்ரீவே!

டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டது. அந்த நிலத்தையும் அதை ஒட்டிய போல்டவுன் குடியிருப்பையும் சேர்த்து ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுக்க டெட்ராய்ட் நகராட்சி 1981இல் முடிவு செய்தது. 6,000 பேருக்கு வேலை என்றார்கள். போலந்து வம்சாவளியினரும் கறுப்பர்களும் கலந்து வாழ்ந்த அந்த இடத்திலிருந்து 4,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மக்கள் உள்ளே உட்கார்ந்து போராடிய அமலோற்பவ மாதா கோயிலும் இடிபட்டது. மிச்சிகன் உச்சநீதிமன்றம் நகராட்சி செய்தது சரி என்றது. அந்தச் சட்ட நிலைப்பாட்டை 2004இல் அதே நீதிமன்றம் தவறு என்று ஒதுக்கியது. அதற்குள் போனது போனதுதான். அங்கே எழுந்த ஆலையிலிருந்துதான் கடைசி இம்பாலா வெளியே வந்தது. இம்பாலாவுக்கு அழுதவர்கள் அநேகம். அது நின்றிருந்த மண்ணுக்கு அடியில் ஒரு ஊர் கிடப்பதை நினைத்தவர்கள் குறைவு.

4

சரி, செடானைக் கொன்றது யார்? 'அந்நியர்கள்' என்பதுதான் ஏக்கத்தின் உடனடி பதில். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பானின் சிறிய கார்கள் சந்தையைப் பிடித்தபோது, கோபம் முழுக்க அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது. அந்தக் கோபம் ஒரு உயிரைக் குடித்தது. 1982 ஜூனில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரைப் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். அடித்தவர்களில் ஒருவர் கிறைஸ்லர் ஆலையின் மேற்பார்வையாளர். இன்னொருவர் வேலை இழந்த கார்த் தொழிலாளி. வேலை பறிபோனதற்கு அவரைக் காரணமாக்கி வைதார்கள் என்பது சாட்சியத்தில் வந்தது. கிடைத்த தண்டனை: 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். சிறைவாசம் இல்லை.

உண்மையான காரணம் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்திலும் அரசின் சட்டப் புத்தகத்திலும் கிடக்கிறது. ஐரோப்பிய நாடுகள் மலிவான அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். கோழிச் சண்டை முடிந்த பிறகும் டிரக் வரி பல பத்தாண்டுகள் நின்றது. போட்டியில்லாத வயல் ஒன்று டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது. அடுத்து, 1975இல் வந்த எரிபொருள் சட்டம். கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்று 1985க்கு இலக்கு வைத்தது. 'லேசான டிரக்' என்ற வகைக்கோ இலக்கு நீண்ட காலம் 20 மைலை ஒட்டியே இருந்தது. டிரக் சேசிஸின்மேல் குடும்பக் காரின் உடம்பை ஏற்றினால் அது சட்டப்படி டிரக்! செலவு குறைவு, விலை அதிகம், லாபம் கொழுத்தது. டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலையில் செவர்லே கப்ரீஸ் போன்ற பெரிய செடான்களை 1996இல் நிறுத்திவிட்டு, அதே இடத்தில் எஸ்.யூ.வி.கள் செய்ய ஆரம்பித்தது இந்தக் கணக்கில்தான். அந்நியன் யாரும் வந்து செடானைக் கொல்லவில்லை. பெற்றவர்களே விற்றுவிட்டார்கள்.

இதை மறைப்பதில் அரசியல்வாதிகளுக்கு லாபம் உண்டு. 2017 ஜூலையில் ஒஹையோவின் யங்ஸ்டவுனில் பேசிய அதிபர் டிரம்ப், வேலைகள் திரும்பி வருகின்றன, வீடுகளை விற்காதீர்கள் என்றார். பக்கத்து லார்ட்ஸ்டவுனில் செவர்லே க்ரூஸ் என்ற செடானைச் செய்துவந்த ஆலை, 2019 மார்ச்சில் மூடப்பட்டது. 1972இல் மணிக்கு நூறு கார் என்ற வேகத்தை எதிர்த்து இளம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த அதே ஆலை. அந்த வேலைநிறுத்தத்தை யாரும் 'பொற்காலம்' என்று நினைவுகூர்வதில்லை.

5

அப்படியானால் இந்த ஏக்கம் வெறும் பொய்யா? இல்லை. அதற்குள் ஒரு நிஜமான இழப்பும் இருக்கிறது. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸோடு தொழிற்சங்கம் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியம், மருத்துவம், விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வு எல்லாவற்றையும் கொண்டுவந்தது. தான் செய்த வண்டியைத் தானே வாங்கி ஓட்ட முடிந்த ஒரு தொழிலாளி வர்க்கம் உருவானது. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை, 2020இல் 6.4 லட்சத்தை ஒட்டி நின்றது. ஓய்வுபெற்ற ஒருவர் பழைய பான்டியாக்கைத் தடவும்போது தேடுவது அந்த மாதச் சம்பளத்தையும் அந்தத் தெருவையும்கூடத்தான். பண்ட வழிபாடு செய்யும் வேலை, இந்த இழப்பை எடுத்து ஒரு தகர உடம்புக்குள் அடைத்துவிடுவது. சங்கம் வென்றதை வண்டி தந்ததாக நம்பவைப்பது.

வேறு மாதிரி நினைவும் சாத்தியம் என்பதற்குக் கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் சாட்சி. வெள்ளைக் குடும்பங்கள் ஓட்டித் தள்ளிய பழைய செவர்லேக்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, தரையைத் தொடுமளவு தாழ்த்தி, மெதுவாக ஊர்ந்து போனார்கள். 'லோரைடர்' என்று பெயர். வேகத்தின் குறியாகச் செய்த வண்டியை வேகத்துக்கு எதிராகத் திருப்பிய வேலை அது. மிகத் தாழ்த்திய வண்டிகளை 1958இல் மாநிலச் சட்டம் தடை செய்தது. உடனே 1959இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் விமானத்தின் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீசைக் கண்டால் ஒரு விசை, வண்டி எழுந்துவிடும். போனதும் மறுபடி தாழும். கேடிலாக் விமானத்திடம் எடுத்தது வெறும் தோரணை. இவர்கள் எடுத்தது தப்பிக்கும் தொழில்நுட்பம். லோரைடருக்கு மிகப் பிடித்த வண்டி 1964 இம்பாலா. எண்கள் பொருந்துகின்றனவா என்று அங்கே கவலைப்படுவதில்லை. வண்ணம், வெல்வெட், சித்திரங்கள் எல்லாம் சேர்த்து ஆலை கனவு காணாத இன்னொன்றாக மாற்றுவதில்தான் பெருமை.

இந்த நினைவையும் சந்தை விட்டுவைக்கவில்லை; காட்சிப்பெட்டிக்குள்ளும் போய்விட்டது. 'ஜிப்ஸி ரோஸ்' என்ற இளஞ்சிவப்பு 1964 இம்பாலாவை 2017இல் வாஷிங்டனில் கண்ணாடிக்கூண்டில் வைத்தார்கள். அப்போதும் கலிபோர்னியாவின் பல ஊர்களில் லோரைடர்கள் கூட்டமாக ஊர்ந்து போவது குற்றமாகவே இருந்தது. அந்தத் தடைகளையும் தாழ்த்துவதற்கு எதிரான விதியையும் நீக்கும் சட்டம் 2023 அக்டோபரில் கையெழுத்தாகி, 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்காக லோரைடர் சங்கங்கள் ஊர் ஊராக நகரமன்றங்களில் பல வருடம் வாதாட வேண்டியிருந்தது. 1958இன் பொற்காலத்தைத் திருப்பிக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. 1958இன் சட்டத்தை எடு என்றுதான் கேட்டார்கள்.