பந்தயக் குதிரைக்குத் தீனியும் வேலையும்

திண்டுக்கல் சீமைக்குக் குதிரை புதிய பிராணியன்று. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி பௌஜ்தாராக அமர்ந்து மைசூர்ப் படையை நடத்திய ஊர் இது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் பெருகும்வரை, ரயிலடியிலிருந்து ஊருக்குள்ளும், பழனியில் அடிவாரத்திற்கும் ஜனங்களை ஏற்றிச் சென்றவை ஜட்கா வண்டிகளே. இப்பொழுது நமது ரயத்துக்களில் சிலர் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தைக்குச் சென்று குதிரை வாங்கி வருவது, பெரும்பாலும் வண்டிப் பந்தயத்திற்கும் சவாரிப் போட்டிக்குமே யாகும். குதிரை வந்து சேர்ந்ததேயன்றி, ஜட்காக்காரனுடைய அனுபவம் அதனுடன் வந்து சேரவில்லை.

ஜட்காக் குதிரை தினந்தோறும் கொள்ளுத் தின்றது; தினந்தோறும் பல மைல் வண்டியும் இழுத்தது. இக்காலத்துப் பந்தயக் குதிரையோ அதே கொள்ளைத் தின்றுவிட்டு வாரத்தில் ஆறு நாள் லாயத்தில் நிற்கிறது. ஏழாம் நாள் அதை நாலுகால் பாய்ச்சலில் விரட்டுகிறோம். நன்கு போஷித்த குதிரை ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களில் வியர்த்து, பின்னங்கால்கள் விறைத்து, அடியெடுத்து வைக்க மாட்டாமல் நின்றுவிடுவதற்கு முக்கியமான காரணங்களுள் இஃது ஒன்று. இடுப்புத் தசைகள் கல்லைப்போல் இறுகியிருக்கும். சிறுநீர் காப்பிக் கஷாயம் போலக் கறுத்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்து மறுநாள் பூட்டிய வண்டிக் குதிரைகளிடம் இதைக் கண்ட ஐரோப்பியர் 'திங்கட்கிழமைக் காலை நோய்' என்று பெயரிட்டனர். சிதைந்த தசையினின்று இரத்தத்தில் கலக்கும் நிறப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் குதிரை இறந்துபோவதும் உண்டு. திருஷ்டி என்று எண்ணியோ, சோம்பல் என்று எண்ணியோ சவுக்கால் அடித்து நடத்துவது மகா தவறு. குதிரையை நின்ற இடத்திலேயே நிறுத்தி, நிழல் செய்து, தண்ணீர் காட்டி, கால்நடை மருத்துவரை அங்கேயே அழைத்துவர வேண்டும்.

வராமற் காப்பதோ எளிது. வேலையில்லாத நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்து, குதிரையைக் கையிற் பிடித்தாவது நடத்த வேண்டும். குதிரைக்கு மாட்டைப்போல் அசைபோடும் நான்கறை வயிறு கிடையாது. பெரிய குதிரையின் இரைப்பையும் ஏறக்குறைய 15 லிட்டருக்கு மேற்படாது. தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆகையால் 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 கிலோ உலர்ந்த புல்லே முதன்மையான உணவு. ஊறவைத்த கொள்ளும் தவிடும் அதன்மேல் சிறிது சிறிதாகப் பல வேளைகளிற் கொடுக்கத் தக்கவை. தீனியை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் மாற்றினால் வயிற்றுவலிக்கு இடமிராது. மற்றொன்று: மாட்டுக்கு வெட்டிப்போடும் பச்சைச் சோளத்தட்டையைக் குதிரைக்கும் பல வாரங்கள் போட்டுவந்தால் பின்னங்கால் தளர்ந்து சிறுநீர் சொட்டும் நோய் உண்டாகலாம், அதை விலக்குவதே நலம்.

வாங்கும்போதே பல்லைப் பார்க்க வேண்டும். முன்வாயின் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், கடைப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். கடைப்பல் விழாத குதிரையைப் பந்தயத்தில் விரட்டுவது, முதிராத எலும்பின்மேல் பாரம் வைப்பதேயாம்.

பழக்கத்தில் அவசரம் கூடாது. மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் நரம்பும் உறுதிப்படப் பல மாதங்கள் செல்லும். குதிரை உற்சாகமாயிருப்பதைக் கண்டு மூன்றாம் வாரத்திலேயே பாயவிடுபவர்கள் முன்னங்கால் நரம்பைக் கெடுத்துவிடுகிறார்கள். முதல் மாதம் முழுவதும் நடையும் மெதுவான ஓட்டமுமே போதும். நமது பக்கத்து வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் வேலை முடிய வேண்டும். தார் ரோட்டைவிடக் கண்மாய்க் கரையின் மண்பாதை காலுக்கு நல்லது. குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஐந்தாறு வாரங்களுக்கொரு முறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும்.

பயிற்சி பிடித்ததா என்று நாடியைக் கொண்டு அறியலாம். கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிஷத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். பிற தேசங்களில் நடைபெறும் தொலைதூரச் சவாரிப் போட்டிகளில், குறித்த நேரத்திற்குள் நாடி 64-க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓடவிடுவதில்லை. நாமும், ஓடி நின்று கால்மணி நேரமாகியும் நாடி அதற்கு மேலேயே இருந்தால், மறுவாரம் வேலையைக் குறைப்பது தகும்.

போட்டியன்று தானியத்தை ஓடுவதற்கு நான்கு மணி நேரத்திற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாராயமும் பெயர் தெரியாத ஊசியும் வேகம் கொடுக்கும் என்பது வீண் நம்பிக்கை. தீங்கு செய்யும் மருந்தைப் பிராணிக்குக் கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டலாகாது, மேலே ஊற்றலாகாது என்று முன்பு சொல்லி வந்தனர். இக்காலத்து ஆராய்ச்சி அதை ஒப்புவதில்லை. நிழலில் நடத்திக்கொண்டே தண்ணீரை உடம்பெங்கும் தாராளமாக ஊற்றலாம், குடிக்கவும் விடலாம். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் தீனியில் சிறிது உப்புச் சேர்க்க வேண்டும். அன்றிரவு கொள்ளைக் குறைத்துப் புல்லை நிறையப் போட்டு, மறுநாட் காலையில் அரைமணி நேரம் நடத்தியபின், நான்கு கால்களையும் கையால் தடவிச் சூடோ வீக்கமோ உண்டா என்று பார்க்க வேண்டும்.