மூச்சு வாங்குதா? 'வயசாச்சு'ன்னு விட்டுடாதீங்க!

காரைக்கால்:
"கடைத்தெரு வரைக்கும் நடந்தா மூச்சு வாங்குது. வயசாச்சுல்ல..." திருமலைராயன்பட்டினம், போலகம் பக்கம் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் பெரியவர்கள் சொல்வது இது. ஆனால் மாதக்கணக்கில் இருமல், சளி, இளைப்பு இருந்தால் அது வயசுக்கோளாறு என்று விட முடியாது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம்.

2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோய்க்கு பலியானதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

யாருக்கு வரும்?

பீடி, சிகரெட் முதல் காரணம். பீடியைத் தொடாத பெண்களுக்கும் வருகிறது. பல வருஷம் விறகு அடுப்புப் புகையில் நின்று சமைத்ததுதான் காரணம். வேலை இடத்துத் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். காரைக்கால் துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரியின் தூசி பறப்பதாக வாஞ்சூர், நாகூர் மக்கள் பல முறை புகார் கூறியுள்ளனர். தூசியில் வேலை பார்ப்பவர்கள் மூக்கை மூடிக்கொள்வது அவசியம்.

ஊதிப் பார்க்கும் 'ஸ்பைரோமெட்ரி' சோதனையில் நோய் தெரிந்துவிடும்.

இன்ஹேலர் பயம் வேண்டாம்

"இன்ஹேலர் பழகிட்டா விட முடியாது" என்று பலர் பயப்படுகிறார்கள். இது போதை மருந்து அல்ல. மாத்திரையை விடக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. நோய் முழுசா குணமாகாது. ஆனால் கட்டுக்குள் இருக்கும். "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடி இளைப்பு ஏறும்.

அழுத்தும் வகை என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்தவும். 10 விநாடி மூச்சை அடக்கவும். கேப்சூல் வகையை வேகமாக உறிஞ்ச வேண்டும். அந்த கேப்சூலை விழுங்கக் கூடாது. ஸ்டீராய்டு மருந்து என்றால் வாய் கொப்பளித்துத் துப்பவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்த நோயில் உள்ளே போன காற்று முழுசா வெளியே வராமல் தேங்கும். இளைப்பு வந்தால் நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். முன்பக்கம் சாய்ந்து உட்கார வையுங்கள். அடுப்பு ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் நீங்களே அளவைக் கூட்டாதீர்கள். சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும். ஆக்சிஜன் வைக்கும்போது பலருக்கு 88 முதல் 92 வரை அளவு இருந்தால் போதும் என்பதே டாக்டர்கள் கணக்கு. "100 காட்டலையே" என்று பதற வேண்டாம். சிலிண்டர் பக்கத்தில் பீடி, விளக்கு, அடுப்பு கூடவே கூடாது.

நோயாளி இருக்கும் வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது. விட நினைப்பவர்கள் 1800-112-356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.

எப்போது ஓட வேண்டும்?

சளி மஞ்சள், பச்சையாக மாறி இளைப்பு கூடினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, ஆள் குழப்பமாகப் பேசுகிறார், தூங்கி விழுகிறார் என்றால் "காலையில பார்த்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்.