கண்ணாடிப் பெட்டிக்கு அருகே அம்மாவின் குரல்

குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாய் ஒருத்தியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வைத்தியசாலையின் விசேட பராமரிப்புப் பகுதியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவளது குழந்தை கிடக்கிறது. மூக்கிலே குழாய், நெஞ்சிலே வயர்கள். தூக்க முடியவில்லை. பாலூட்ட முடியவில்லை. “எல்லாவற்றையும் வைத்தியரும் தாதிமாரும் பார்க்கிறார்கள். நான் நின்று என்ன பயன்?” என்று அவள் வாய்மூடி நிற்கிறாள். அங்குள்ள வேறு எவரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதை அவள் அறியாள். அதுதான் அவளுடைய குரல்.

37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. பிறந்த பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று கொள்ளலாம்.

கருவிலிருக்கும் சிசுவுக்கு ஏறக்குறைய 25 வாரமளவில் காது கேட்கத் தொடங்குகிறது. வெளிச்சத்தங்கள் மங்கலாகவே உள்ளே போகும். தாயின் குரலோ அவளுடைய உடலினூடாகவே பிள்ளையை அடைகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குள்ளேயே குழந்தை பிற பெண்களின் குரலிலிருந்து தாயின் குரலைப் பிரித்தறிந்து அதையே நாடுகிறது என்பதை 1980இல் டிகாஸ்பர், பைபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 28 வாரத்தில் பிறந்துவிடும் பிள்ளை, இக்குரலை உள்ளிருந்து கேட்க வேண்டிய கடைசி மூன்று மாதங்களை இழந்துவிடுகிறது. நாற்றுமேடையிலிருந்து முந்திப் பிடுங்கிய நாற்றைப் போன்றது அதன் நிலை. அதற்குக் கேட்பதெல்லாம் இயந்திரங்களின் இரைச்சலும் எச்சரிக்கை மணியுமே.

இத்தாலியின் வடக்கே மலைப்பகுதியிலுள்ள அவோஸ்தா நகரின் பரினி வைத்தியசாலையில், சுவிற்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். இதன் முடிவு 2021இல் வெளிவந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இரத்தப் பரிசோதனைக்காகக் குதிக்காலில் ஊசி குத்துவது வழக்கம். இத்தனை சிறிய உடலுக்கு ஒவ்வொரு முறையும் கடுமையான வலிநிவாரணி கொடுக்கவும் இயலாது. எனவே 20 குழந்தைகளை மூன்று விதமாகக் கவனித்தனர். ஒருநாள் தாய் அருகில் இல்லை. ஒருநாள் தாய் பேசினாள். ஒருநாள் பாடினாள். ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி, குத்தும்போதும் அதன் பின்பும் அவள் குரல் கொடுத்தாள்.

முகச்சுளிப்பு, இதயத்துடிப்பு, ஒட்சிசன் அளவு ஆகியவற்றைக் கொண்டு வலிக்குப் புள்ளி இட்டார்கள். தாய் இல்லாதபோது 4.5 ஆக இருந்த புள்ளி, அவள் பேசியபோது 3 ஆகக் குறைந்தது. பற்றுதலோடு தொடர்புள்ள ஒக்சிரோசின் என்னும் ஓமோன் குழந்தையின் உமிழ்நீரில் கூடியிருந்தது. பாட்டைவிடப் பேச்சுக்கே பலன் அதிகம். பாட்டு தன் மெட்டில் போகும். பேசும் தாயோ பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தன் குரலை மாற்றிக்கொள்கிறாள் என்பது ஆய்வாளரின் விளக்கம்.

இருபது குழந்தைகள் என்பது சிறிய தொகைதான். குரல் மருந்துக்கு ஈடாகாது என்பதும் உண்மை. மருந்தோடு கூட நிற்கும் துணை அது.

எந்நேரமும் அருகில் இருக்க முடியாத தாய் என்ன செய்வாள்? வீட்டில் வேறு பிள்ளைகள் இருப்பார்கள். பயணம் தூரமாக இருக்கும். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வழிகாட்டுகிறது. தாய் கதை வாசிக்கும் ஒலிப்பதிவை இரவு வேளைகளில் கேட்ட குறைமாதக் குழந்தைகளின் மூளையில், மொழிக்குரிய நரம்புப் பாதை கேளாத குழந்தைகளுடையதைவிட முதிர்ந்திருந்தது.

இனிச் செய்யக்கூடியவை எவை? முதலில் தாதியிடம் கேளுங்கள்: “நான் பிள்ளையோடு கதைக்கலாமா? எந்த நேரம் நல்லது?” கைகழுவி, முகத்தருகே குனிந்து, மெல்லிய குரலில் பேசுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அண்ணன் அக்காமார் வீட்டில் செய்யும் குறும்பு, முற்றத்துக் கோழி, இன்று சமைத்த கறி எதுவாயினும் சரி. பிள்ளை முகத்தைச் சுளித்தாலோ, விரல்களை விரித்து விறைத்தாலோ, தலையைத் திருப்பினாலோ சற்று நிறுத்துங்கள். அதற்கு ஓய்வு தேவை. தாய் நோயுற்றிருந்தால் தகப்பன் அமர்ந்து பேசட்டும்.

வைத்தியர் அனுமதித்ததும் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத காலத்தில், 1970களின் இறுதியில் தொடங்கிய ‘கங்காரு’ முறை இது. பிறந்தவுடனேயே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணிநேரம்வரை இவ்வாறு வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. மார்பில் கிடக்கும் பிள்ளைக்குத் தாயின் குரல் மீண்டும் அவள் உடலினூடாகவே கேட்கிறது.

இதற்குப் படிப்பும் பணமும் தேவையில்லை. பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒன்றே பல தாய்மாரைத் தடுக்கிறது. உங்கள் அயலில் ஒருத்திக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால், இச்செய்தியை அவளிடம் சொல்லுங்கள். அவள் மற்றப் பிள்ளைகளை ஒருநாள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் போய்ப் பிள்ளையோடு கதைக்கட்டும்.