ஜன்னலடி மண்

சொந்த வீட்டுப் பிழையை ஊரறியச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் சங்கக் குடும்பங்களில் பலர் பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர்ப் பக்கம் பழைய வீடுகளில் வசிப்பதால் எழுதுகிறேன்.

1898இல் பெங்களூரைப் பிளேக் வாட்டியது. அதன்பின் எழுந்த குடியிருப்புகளில் ஒன்று, மைசூர் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் தாங்கிய எங்கள் பேட்டை. வடஆற்காட்டிலிருந்து வந்த என் தாத்தா வாங்கிய ஓட்டு வீடு எங்களுடையது. ஜன்னலுக்கு மேல் 'மங்கி டாப்' மரவேலை. அதன்மேல் மூன்று தலைமுறை பெயின்ட்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்காக வீட்டைப் புதுப்பித்தோம். ஆட்கள் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பச்சைத் தூள் பறந்தது. உரிந்த செதில்களைச் சுவரோர மண்ணிலேயே கூட்டித் தள்ளினேன். உளுத்த ஜன்னல் கதவுகளைப் பிளந்து வெந்நீர் அடுப்புக்கு வைத்தேன். சாம்பல் கீரைப் பாத்திக்குப் போனது. சிக்கனம் என்று எனக்குப் பெருமை வேறு!

குழந்தைக்கு மண் தின்னும் பழக்கம். சோகையாக இருக்கிறாளே என்று காட்டியபோது, "எந்தக் காலத்து வீடு?" என்று கேட்டார் டாக்டர். இரத்தப் பரிசோதனையில் காரீயம் தெரிந்தது. மண்ணையும் சோதித்தோம். வாசல் கேட் அருகே இருந்ததைவிட ஜன்னலடியில் பல மடங்கு!

"பாத்திரத்துக்குப் பூசுவோமே, அந்த ஈயமா?" என்றாள் என் மனைவி. அது வெள்ளீயம். இது காரீயம், நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் உலரவும் அந்நாளில் பெயின்டில் கலந்தார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது புதுச் செய்தியும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், வராந்தாக் கம்பிப் பெயின்டே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்று 1904இலேயே எழுதினார். நம் பெங்களூரிலும் 1999இல் காரீய நச்சு பற்றிய சர்வதேச மாநாடு நடந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் இதற்காகவே பல்லாண்டு பாடுபட்டவர். 2000இல் காரீயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலானது. ஆனால் விதி புதுப் பெயின்டுக்குத்தான். பழைய சுவரிலிருந்து உதிர்ந்தது மண்ணில் மக்காது. மேல்மண்ணிலேயே தலைமுறைக் கணக்கில் தங்கிவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். குழந்தையை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். மண்ணை நனைத்துச் செதில்களைப் பொறுக்கி, இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு என்று எழுதித் தனியாக ஒப்படைத்தோம். சாம்பல் கொட்டிய கீரைப் பாத்தியைக் கைவிட்டோம். சுவரோரம் கல் பாவினோம். மற்ற இடத்தில் சுத்தமான மண் கொட்டிப் புல் வளர்த்தோம். மீதிப் பெயின்டை ஈரப்படுத்தியே, கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டினார்கள். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது. புகை தூளைவிடக் கொடியது. வீட்டுக்குள் துடைப்பத்தை விட்டு ஈரத் துணியால் துடைக்கிறோம். செருப்பு வாசலோடு சரி.

பேத்தியின் அளவுக்கு மருந்து தேவைப்படவில்லை. காரீயம் வரும் வழியை அடைப்பதே வைத்தியம் என்றார் டாக்டர். இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு காரீயத்தை அதிகம் உறிஞ்சுமாம். அதற்கான சொட்டு மருந்தோடு ராகிக் கஞ்சியும் கொடுத்தோம். ஆறு மாதத்தில் அளவு இறங்கியது. ஆனாலும் படிப்பிலோ பேச்சிலோ பாதிப்பு வருமா என்று பள்ளி செல்லும் வயதுவரை கவனிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கவலை என்னோடு இருக்கும்.

தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்கும் அன்பர்களே, மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே தண்ணீர் தெளித்துத்தான் சுரண்ட வேண்டும் என்றும் பேசிவிடுங்கள். பழைய ஜன்னல் கதவை அடுப்பில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கீரை இப்போது மாடியில், புது மண் நிரப்பிய தொட்டிகளில் தழைக்கிறது.